பெட்டியில் 200, ப்ளக்கில் 90: வீட்டுப் பட்டறைக்கு வாங்கிய வெல்டிங் மெஷின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். மெஷின் நல்ல மெஷின். அதோடு பெட்டிக்குள் வந்த, வெல்டிங் ராடைப் பிடிக்கிற ஹோல்டர், கேபிள், கைக்கண்ணாடி எதுவும் தேறாது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற 200 என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். வீட்டு ப்ளக்கில் செருகினால் அதில் பாதிகூட வராது, வரவும் வேண்டாம்.

என்னிடம் இருப்பது சிங்கிள் ஃபேஸ், ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச் வைத்த வகை, 200 ஆம்ப்ஸ் என்று போட்ட இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷின். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை, முன்னால் ஒரு டயல், சிவப்பு எழுத்தில் ஒரு டிஸ்ப்ளே, கீழே கேபிள் செருக இரண்டு துளை, பின்னால் ஃபேன். விலை எட்டாயிரத்தை ஒட்டி. பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, சொல்லியும் பெரிய பயனில்லை. இந்த விலையில் கிடைக்கிற பெட்டிகளைக் கடையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் கைப்பிடி, டயல், ஃபேன் ஜாலி எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன, பெயின்டும் ஸ்டிக்கரும்தான் வேறு. அதனால் இது ஒரு பிராண்டைப் பற்றிய விமர்சனம் என்பதைவிட இந்த ஜாதி மெஷினைப் பற்றிய விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர். பெல் (BHEL) தொழிற்சாலை பக்கத்திலேயே. பாய்லர் செய்கிற இடம் என்பதால் 1960களிலிருந்து இந்தப் பகுதிக்கே வெல்டிங்தான் சோறு, 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் என்று தனியாக ஒன்றே அங்கே தொடங்கினார்கள். துவாக்குடிப் பக்கம் போனால் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள். எங்கள் தெருவிலேயே பாய்லர் விதிப்படி டெஸ்ட் அடித்துத் தேறிய ஹை பிரஷர் வெல்டர்கள் ஓய்வு பெற்று மாடியில் கீரை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் எட்டாயிரம் ரூபாய் மெஷினை வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் யாரும் வீட்டு ப்ளக்கில் வெல்டிங் அடித்ததில்லை. அது தனி வித்தை.

முதலில் பழைய மெஷினோடு ஒப்பிட்டுவிடலாம். நம் ஊர் கிரில் பட்டறைகளில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் மெஷின், பலதும் ஆயில் ஊற்றினது. உள்ளே பெரிய இரும்புச் சட்டம், அதைச் சுற்றிக் காப்பர் அல்லது அலுமினியச் சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே வாங்கி வோல்டேஜைக் குறைத்து ஆம்ப்ஸைக் கூட்டித் தருகிற வேலை, அதற்கு அவ்வளவு இரும்பு தேவைப்படுகிறது. இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். இன்வெர்ட்டர் மெஷின் வேறு வழியில் போகிறது. வருகிற 230 வோல்ட் ஏசியை முதலில் டிசி ஆக்கி, அதை ஐஜிபிடி சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, பிறகு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, திரும்பவும் டிசி ஆக்கி வெளியே விடுகிறது. அதிர்வெண் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகலாம். இதுதான் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடிவதன் ரகசியம். பழைய மெஷின் கெட்டால் சுற்றுக் கட்டிக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு, இருபது வருஷம் ஓடும். இன்வெர்ட்டரில் போர்டு போனால் போர்டையே மாற்று என்பார்கள். நாள் முழுக்க 8 கேஜ் ராடு (கேஜ் எண் குறையக் குறையக் கனம் கூடும்) எரிக்கிற பட்டறைக்காரர் இன்னும் ஆயில் மெஷினை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, பழமைப் பிடிவாதம் மட்டும் இல்லை.

சரி, அந்த 200க்கு வருவோம்.

ஆர்க் என்பது ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரிகிற மின்பொறி. ஆம்ப்ஸ் கூடினால் அதன் வோல்டேஜும் கூடும். மெஷின்களுக்கு ரேட்டிங் போடும்போது பயன்படுத்துகிற கணக்கு எளிது: 20 வோல்ட், அதோடு ஆம்ப்ஸை 0.04ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். 200 ஆம்ப்ஸுக்கு 28 வோல்ட். பெருக்கினால் ஆர்க்கில் மட்டும் 5,600 வாட்ஸ். மெஷின் வாங்குகிற மின்சாரம் முழுவதும் ஆர்க்குக்குப் போவதில்லை, கொஞ்சம் சூடாகப் போகும், பவர் ஃபேக்டர் என்று ஒரு கழிவும் உண்டு. இந்த விலை மெஷின்களில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இழுக்கிறதில் 60 சதவீதம் ஆர்க்குக்கு வந்தால் அதிகம். அப்படியென்றால் 200 ஆம்ப்ஸ் கொடுக்க மெஷின் சுவரிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போட்டிருக்கிற பெரிய ப்ளக் பாயின்ட் 16 ஆம்பியர். அந்த 16இல் 230 வோல்டுக்குக் கணக்குப் போட்டால் 3,680 வருகிறது, அதில் 60 சதவீதம் என்றால் 2,200 வாட்ஸ், அது சுமார் 90 ஆம்ப்ஸ் ஆர்க்குக்குச் சரி. அவ்வளவுதான். மெஷினில் 200 போட்டிருந்தாலும் 250 போட்டிருந்தாலும் 16 ஆம்பியர் ப்ளக்கில் உங்களுக்குக் கிடைப்பது 90.

இதில் சோகப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மிமீ, அதற்குத் தேவையே 60 முதல் 90 ஆம்ப்ஸ். வீட்டு வேலைக்கு நாம் எடுக்கிற எல் ஆங்கிள், பட்டை, ஸ்கொயர் பைப் எல்லாம் 1.6 மிமீயிலிருந்து 5 மிமீக்குள். அத்தனையும் 12 கேஜ் ராடிலேயே முடியும். 10 கேஜ் ராடுக்கு 90 முதல் 130 ஆம்ப்ஸ் கேட்கும், அதை எரிக்க ஆசை இருந்தால் மெயின் போர்டிலிருந்து தனி லைன், 32 ஆம்பியர் சி டைப் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்), அதற்கேற்ற தடிமனில் வயர் என்று ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்துக்கொள்ள வேண்டும். நான் இழுத்துக்கொள்ளவில்லை. தேவைப்பட்ட நேரங்களில் 12 கேஜிலேயே இரண்டு ரன், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வரி போட்டுச் சமாளித்துவிட்டேன்.

எம்சிபி விழவில்லையே, அப்படியென்றால் லோடு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 16 ஆம்பியர் எம்சிபி 17 ஆனதும் விழாது. 20 ஆம்பியரை வெகுநேரம் பொறுத்துக்கொண்டு கிடக்கும். அதற்குள் பழைய ப்ளக் பாயின்டின் உள்ளே பிடி தளர்ந்த இடம் சூடாகிப் பிளாஸ்டிக் உருக ஆரம்பிக்கும். வேலைக்கு நடுவில் ப்ளக்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயமும் இதே. பல்பு போட வைத்திருக்கிற 1 சதுர மிமீ வயரில் 20 மீட்டர் நீட்டினால் 16 ஆம்பியர் இழுக்கும்போது வயரிலேயே 11, 12 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 சதுர மிமீ என்றால் 5 வோல்டுக்குள் முடிந்துவிடும். சுருட்டி வைத்த நிலையில் ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லை, முழுக்கப் பிரித்துப் போடுங்கள். எங்கள் பகுதியில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும், கோடையில் இன்னும் மோசம். மெஷினின் பெயர்ப்பட்டையில் 230 வோல்ட், 15 சதவீதம் கூடக் குறைய என்று போட்டிருக்கிறது, அதாவது 195க்குக் கீழே போனால் அதன் பொறுப்பு இல்லை. உண்மையிலேயே அந்த நேரத்தில் ராடு ஒட்டிக்கொள்ளும், ஆர்க் திணறும். காலையில் அதே டயல், அதே ராடு, வெண்ணெய் மாதிரி ஓடும்.

டிஸ்ப்ளேயில் காட்டுகிற எண்ணும் நிஜ எண்ணும் ஒன்றா என்று ஒரு சந்தேகம் இருந்தது. தெரிந்தவர் கம்பெனியிலிருந்து, கேபிளைச் சுற்றி மாட்டி ஆம்ப்ஸ் பார்க்கிற டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். 90 என்று வைத்தால் எண்பதை ஒட்டித்தான் வருகிறது. அவருடைய கம்பெனியில் பெரிய லைனில் மாட்டி டயலைக் கடைசிவரை திருப்பியபோதும் 200 வரவில்லை, 150ஐத் தாண்டவே இல்லை. இதைக் கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அப்புறம் பெட்டியில் 150 என்றே போட்டு விற்க வேண்டியதுதானே?

இன்னொரு எண் பெயர்ப்பட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும், டியூட்டி சைக்கிள். என்னுடையதில் 60 சதவீதம். பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஆர்க், நாலு நிமிஷம் ஓய்வு என்று அர்த்தம். ஐஇசி 60974-1 என்ற சர்வதேசத் தரம் இந்தச் சோதனையை 40 டிகிரி வெப்பத்தில் செய்யச் சொல்கிறது. ஈசாப், ஏடார் மாதிரி பழைய நிறுவனங்களின் மெஷின்களுக்கு விலை கூடுதலாக இருப்பதில் ஒரு பகுதி இந்த மாதிரி எண்களை ஒழுங்காகச் சோதித்துப் போடுவதற்குத்தான். என் மெஷினில் எந்த வெப்பத்தில் சோதித்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை. மே மாதம், தகரக் கூரை போட்ட ஷெட், உள்ளே 40ஐத் தாண்டிவிடும், அந்த நிலையில் ஒரு ஸ்டாண்டுக்கான மூலைகளைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே போனபோது மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் தானாக நின்றது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மோர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி தயாராக இருந்தது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், நிற்க வேண்டிய நேரத்தில் நின்றது. வீட்டு வேலையில் ரன் மேல் படிகிற கசடைத் தட்டி, மட்டம் பார்த்து, அடுத்த துண்டை வைத்துப் பிடிப்பதற்குள் எப்படியும் ஓய்வு கிடைத்துவிடுகிறது.

ஆர்க் எப்படி? இந்த இடத்தில்தான் மனதாரப் பாராட்டுவேன். தொட்டதும் பிடிக்கிறது. ஆரம்பிக்கிற நொடியில் மட்டும் ஆம்ப்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிற ஹாட் ஸ்டார்ட், ராடு ஒட்டிக்கொண்டால் கரண்டைத் தணிக்கிற ஆன்டி ஸ்டிக், இரண்டும் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் பழகியவர்களுக்கு டிசி ஆர்க்கின் அமைதி முதல் ராடிலேயே தெரியும், சத்தம் குறைவு, பொறி சிதறுவது குறைவு. 6013 என்ற சாதாரண வேலைக்கான ராடு, 3 மிமீ ஆங்கிள், 80 வைத்தால் கசடு தானாகத் தோல் உரிந்து வருகிறது. அடுத்த வீட்டு அண்ணன், பெல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் பைப் அடித்தவர், ஒருநாள் வந்து ஒரு ராடு எரித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே தம்பி, பொம்மை மாதிரி இருந்துகிட்டு நல்லா ஓடுதே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விருது.

பைப்தான் சோதனை. 16 கேஜ் ஸ்கொயர் பைப், 1.6 மிமீ சுவர், இதில் 12 கேஜ் ராடை 60, 65இல் வைத்து, ஹோல்டரை நெகட்டிவ் துளைக்கு மாற்றிக்கொண்டால் ஒழுங்காக அடிக்க முடிகிறது. ஹோல்டர் பாசிட்டிவில் இருந்தால் ஆர்க் ஆழமாகத் தோண்டும், நெகட்டிவில் மேலோட்டமாக நிற்கும், மெல்லிய தகட்டுக்கு அதுதான் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் இந்த வசதியே கிடையாது. 18 கேஜ் பைப்புக்கு இறங்கினால் கதை வேறு. நீளமாக ரன் இழுக்கப் பார்த்தால் ஓட்டை விழும், புள்ளி புள்ளியாக வைத்து, ஆற விட்டு, மறுபடி புள்ளி வைத்து மூட வேண்டும், 14 கேஜ் ராடு கிடைத்தால் இன்னும் நல்லது. 20 கேஜ் தகரம், பீரோக் கதவு, டப்பா வேலை எல்லாம் இந்த மெஷினுக்கு ஒத்துவராது. அதற்கு ராடுக்குப் பதில் கம்பிச் சுருள் ஓடுகிற மிக் மெஷின் வேண்டும், பேசாமல் அந்த எண்ணத்தோடு இதை வாங்காதீர்கள்.

இதை வைத்து என்ன செய்தேன் என்று கேட்டால்: மாடித் தோட்டத்துக்கு எல் ஆங்கிளில் ஸ்டாண்டுகள், பட்டறைக்கே ஒரு மேஜை, கேஸ் சிலிண்டர் உருட்ட ஒரு டிராலி, அறுந்து தொங்கிய கேட் கீல், மாமனார் வீட்டுக் கிணற்று மூடி. கிணற்று மூடிதான் மெஷினைவிட எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. சட்டம் நான்கு பக்கமும் மூலை மட்டம் வைத்துப் பார்த்துச் சரியாக அடுக்கியிருந்தாலும், ஒரு மூலையை முழுக்க அடித்து முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் உருகின இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும், சதுரம் சாய்சதுரமாகிவிடும். நான்கு மூலையிலும் முதலில் சின்ன டேக், அதாவது பிடித்து நிறுத்த ஒரு புள்ளி வெல்டிங், பிறகு குறுக்களவு இரண்டும் டேப்பில் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது, வராவிட்டால் தட்டிச் சரிசெய்வது, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி அடிப்பது. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் கோணல் வராது. இரும்பு வாங்கும்போது எடை போட்டுத்தான் விலை, 25 மிமீ ஆங்கிள் 3 மிமீ கனத்தில் மீட்டருக்கு 1.1 கிலோ, 6 மீட்டர் முழு நீளம் ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடையில் எடை இதைவிட ரொம்பக் குறைந்தால் கனம் குறைவான சரக்கைத் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம், மெல்லியதாக இருந்தால் வெல்டிங்கில் ஓட்டையும் விழும்.

கரண்ட் பில் பயம் நிறைய பேருக்கு. தேவையில்லை. ஒரு 12 கேஜ் ராடு எரிய ஒரு நிமிஷம் போல ஆகும், அந்த நேரத்தில் மெஷின் இழுப்பது இரண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல், ஒரு யூனிட்டில் 25 ராடு எரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாலும் மாவு கிரைண்டரும் ஏசியும் தின்பதைவிடக் குறைவு.

இப்போது பெட்டிக்குள் வந்த மற்ற சாமான்கள். ஹோல்டரின் ஸ்பிரிங் பலமில்லை, ராடு ஆடுகிறது, ஆடினால் பிடிக்கிற இடத்திலேயே பொறி அடித்து ஹோல்டரின் தாடை அரிக்கிறது. கேபிள் இரண்டு மீட்டருக்கும் குறைவு. மெஷினை வேலைக்குப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும், அங்கே பொறியும் கிரைண்டர் தூசும் நேராக ஃபேனுக்குள் போகும். வயரைச் சீவிப் பார்த்தால் மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. வேலைத் துண்டைக் கடித்துக் கரண்டைத் திரும்ப மெஷினுக்குக் கொண்டுவருகிற எர்த் கிளாம்ப் மெல்லிய தகட்டில் வளைத்தது, பெயின்ட் அடித்த கம்பியில் கடித்துப் பிடிக்காது. எர்த் கிளாம்ப் சரியில்லாவிட்டால் எந்த மெஷினும் மோசமான மெஷினாகத்தான் தெரியும், ஆர்க் நிற்காது, ராடு ஒட்டும், பழியை மெஷின் மேல் போடுவார்கள். கடிக்கிற இடத்தில் கிரைண்டரால் பளிச்சென்று சுரண்டிவிட்டு, அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அந்த வேலைத் துண்டிலேயே மாட்டுங்கள். வீட்டு கேட்டில் ஒரு மூலையில் கிளாம்ப், இன்னொரு மூலையில் வெல்டிங் என்று வைத்தால் நடுவில் உள்ள கீல், பேரிங் வழியாகக் கரண்ட் போய் அதைக் கெடுக்கும்.

அதனால் மெஷின் வாங்கிய கையோடு 16 சதுர மிமீ காப்பர் கேபிள் ஹோல்டருக்கு ஐந்து மீட்டர், எர்த்துக்கு மூன்று மீட்டர், கனமான பித்தளைத் தாடை வைத்த ஹோல்டர், வார்ப்பு எர்த் கிளாம்ப் எல்லாம் தனியாக வாங்கி மாட்டினேன். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டித் தந்தார்கள். ஒரு எச்சரிக்கை: இந்தச் சின்ன மெஷின்களில் திருகிப் பூட்டுகிற கனெக்டர் 9 மிமீ பின் வகை, பெரிய மெஷின்களில் 13 மிமீ. பழைய கனெக்டரைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது தடவை பஸ் ஏற வேண்டும். இந்தச் செலவு மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. 200 என்று போட்டதற்குப் பதில் 160 என்று போட்ட மெஷினை ஆயிரம் ஒன்றரையாயிரம் குறைவாக வாங்கி, மிச்சத்தை இதில் போட்டால் 16 ஆம்பியர் ப்ளக்கில் வித்தியாசமே தெரியாது. இன்றைக்கு ஒருவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கைக்கண்ணாடி என்று பெட்டியில் வந்தது ஒரு பிளாஸ்டிக் முகமறைப்பு, ஒரு கையால் பிடிக்க வேண்டும். ஒரு கை அதற்குப் போய்விட்டால் துண்டை யார் பிடிப்பது? கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, டேக் தானே, ஒரு நொடிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. ஆர்க்கின் புற ஊதாக் கதிர் அப்போதே வலிக்காது, ஆறேழு மணி நேரம் கழித்து ராத்திரியில் கண்ணுக்குள் மணல் கிடப்பது போல உறுத்தி, நீர் வடிந்து, விளக்கைப் பார்க்க முடியாமல் போகும். பட்டறைகளில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரு ராத்திரிக் கதை சொல்வார்கள், கூடவே உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று வைத்தியமும். கண் டாக்டரிடம் போவதுதான் சரி. தானாகக் கறுக்கிற ஹெல்மெட் இப்போது ஆயிரத்து ஐந்நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அது கறுக்கத் தவறினாலும் கண் போய்விடும் என்ற பயம் வேண்டாம், தரமான ஹெல்மெட் கண்ணாடியில் புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் தடுக்கிற பூச்சு எப்போதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், கறுப்பது வெளிச்சத்தைக் குறைக்க. 12 கேஜ் ராடுக்கு ஷேட், அதாவது கண்ணாடியின் கறுப்பு அளவு, 10 வைக்கிறேன், வெளியே வெயிலில் என்றால் 11. ஹெல்மெட் வந்த பிறகு என் வெல்டிங் உடனே ஒரு படி மேலே போனது, ராடின் நுனியை எங்கே வைக்கிறோம் என்று ஆர்க் பிடிக்கும் முன்பே தெரிவதால்தான்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின பைப் அடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும், மேலே பூசின துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். அதை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் மாதிரி உதறும். அடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து இல்லாமல் பக்கவாட்டில் வருகிற மாதிரி நின்று அடியுங்கள். முடிந்ததும் அந்த இடத்துக்கு ஜிங்க் பெயின்ட்.

கிரைண்டரைப் பற்றி நீட்டவில்லை. 4 இன்ச் போதும், சக்கரத்தை மூடுகிற கார்டைக் கழற்றாதீர்கள், கட்டிங் வீலின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதித் தேதி அச்சடித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். பிசின் வைத்து ஒட்டின சக்கரம், மூன்று வருஷத்துக்கு மேல் ஆனால் நம்பக் கூடாது. மலிவாகக் கட்டாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற வீல்களில் அந்தத் தேதியே இருக்காது.

ராடு மழைக்காலத்தில் சொதப்பும். ஐப்பசியில் ஷெட்டில் திறந்து வைத்த 6013 ஈரம் இழுத்துவிட்டால் ஆர்க் படபடக்கும், ரன்னில் பொத்தல் விழும். 100 டிகிரிக்கு அருகில் ஒரு மணி நேரம் காய வைத்தால் சரியாகிவிடும். மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அந்த வேலையும் இல்லை. இன்னும் பலமான 7018 வாங்கலாமா என்று அடுத்த வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "அதை 300, 350 டிகிரில சுட்டு, சூடு குறையாம சின்ன ஓவன்ல வெச்சு எடுத்து எடுத்து அடிக்கணும் தம்பி. பாய்லர் பைப்புக்கு அது. பூச்செடி ஸ்டாண்டுக்கு எதுக்கு?" என்றார். நியாயம். ஈரம் பட்ட 7018 அடிப்பதைவிடக் காய்ந்த 6013 மேல்.

கடைசியாக சர்வீஸ். ஒரு வருஷ வாரண்டி. ஏழெட்டு மாசத்தில் ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது, அப்புறம் சுற்றவே மறுத்தது. வாங்கின கடையில் கேட்டால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், வட நாட்டுக்கு கூரியர், போக வரச் செலவு உங்களுடையது, எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். வாரண்டி என்று அச்சடித்த அட்டைக்கு இதுதான் மதிப்பு. உள்ளூரில் இன்வெர்ட்டர் போர்டு பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்தால் உள்ளே கருப்புப் பொடி, கிரைண்டர் தூசு, இரும்புத்தூள், போர்டு மேலெல்லாம். அவர் ப்ளோயரால் ஊதிவிட்டு 24 வோல்ட் டிசி ஃபேன் ஒன்றை மாற்றித் தந்தார், இருநூறு முந்நூறு ரூபாய் சமாச்சாரம். இரும்புத்தூள் மின்சாரம் கடத்தும், ஃபேனோடு போனதற்குப் பதில் போர்டோடு போயிருந்தால் மெஷினே போயிருக்கும் என்றார். இப்போது கிரைண்டர் ஓடும்போது மெஷினை ஆஃப் செய்துவிட்டுத் துணி போட்டு மூடிவைக்கிறேன். நீங்களே திறந்து சுத்தம் செய்கிற ஆள் என்றால் ஒன்று: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் 300 வோல்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். அது முழுதாக இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் மூடியைத் தொட வேண்டாம்.

அப்படியானால் வாங்கலாமா? வார இறுதியில் ஆங்கிள், பட்டை, 16 கேஜ் பைப் அடிக்கப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். தொழிலாக எடுத்து தினமும் எட்டு மணி நேரம் அடிக்கப் போகிறவர் இரண்டு மடங்கு விலை போனாலும் ஊருக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனி மெஷினுக்குப் போகட்டும். வாங்கப் போகும்போது 12 கேஜ் ராடு நாலும் 3 மிமீ தகட்டுத் துண்டும் எடுத்துக்கொண்டு போங்கள், கடையின் 16 ஆம்பியர் ப்ளக்கிலேயே மாட்டச் சொல்லி 80 வைத்து எரித்துப் பாருங்கள். ராடு இடையில் அணையாமல் கடைசி வரை எரிகிறதா, ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா, டயலைத் திருப்பும்போது ஆர்க் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். கனெக்டரைத் திருகி ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேறு பெட்டி கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ரிப்பேர் என்று போனால் முதலில் கேட்பது அந்த முத்திரையைத்தான்.